என் கழுத்தில் இருந்த சாமிகள்

ஸ்கேன் அறைக்கு வெளியே இப்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை கொடுக்கிறார்கள். சங்கிலி, வளையல், தாயத்து எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டு, பெயர் ஒட்டி, லாக்கரில் வைத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். என் காலத்தில் அந்தப் பை நான்தான்.

போன மாதம் கால்வலிக்கு மருந்து வாங்கப் போனபோது, நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது இருக்கும் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பை இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் ஆச்சி என்று கேட்டார்கள். சொன்னேன், சிரித்தார்கள். தகடு விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை எழுதி வையுங்கள் என்றார்கள். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். அதிலும் பாதி நாள் தம்பிக்குக் காவல். ஆகவே போனில் பேசினேன், போன் எழுதிக்கொண்டது. அதற்கு என் பேச்சு விளங்காத இடங்களை நாகர்கோவில்காரியான என் மருமகள் திருத்தினாள். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

பிறந்தது மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில். எஸ்டேட் படுத்தது, நாங்கள் எழுந்து வந்தோம். வித்துராவில் ஒரு சாயாக்கடையில் கொஞ்ச காலம் பாத்திரம் கழுவினேன். பிறகு மலையாளத்துத் தலைநகரில், தம்பானூர் ரயிலடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். தரை துடைப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ந்த பக்கம் இருந்தாலும் ஜனங்கள் ஈரத்தில்தான் நடப்பார்கள்.

நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு மலையாளம் வராது. உள்ளே இருந்தவர்களுக்குத் தமிழ் வரும் என்று அவர்களுக்கே ஒரு நினைப்பு. இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள், வேலை நடக்காது. ஒருநாள் என்னைத் துடைப்பத்தோடு கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அப்படித்தான் நான் இன்சூரன்ஸ் கவுண்டருக்கு உதவியாளானேன். பக்கத்து அறை பெண்களுக்கான ஸ்கேன் அறை. இரண்டு வாசலுக்கும் சேர்த்து நான் ஒருத்தி, ஒரு ஸ்டூல்.

கவுண்டருக்குப் பொறுப்பு லீலாம்மா மேடம். ஒல்லியான ஆள். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடும்போது மட்டும் எழுந்து நிற்பார். ஏன் மேடம் என்று கேட்டேன். உட்கார்ந்து பேசினால் கெஞ்சுகிற குரல் வந்துவிடும் என்றார். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைப்பார். நோயாளி வீட்டு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். மாட்டேன் என்று சொல்கிறவர், யார் காதில் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லட்டும் என்பது அவர் சட்டம்.

சண்டை போடவும் மாட்டார். அந்தப் பக்கத்து ஆள் முடியாது என்று சொல்லி முடித்ததும் இவர், "ஒண்ணுகூடிப் பறயூ" என்பார். இன்னொரு தடவை சொல்லுங்கள், அவ்வளவுதான். அவர் சொல்வார். "ஒண்ணுகூடி, மெல்ல." முதல் தடவை எல்லோரும் சரளமாகச் சொல்வார்கள். இரண்டாம் தடவை நடுவில் இருமுவார்கள். மூன்றாம் தடவை தான் சொல்வது தனக்கே கேட்டுவிடும். அதற்கு மேல் சொல்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

ஒன்றில் மட்டும் மேடத்தாலும் ஜெயிக்க முடியவில்லை. பெண்களுக்கு மார்பில் கட்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற மாமோகிராம் சோதனைக்கு எந்தக் கம்பெனியும் காசு தராது. ஒருநாள் ஒரு கம்பெனிக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நோய் இருந்தா பணம் உண்டோ?"

"உண்டு மேடம். ஆபரேஷனுக்கு முழுசும் உண்டு."

"நோய் இருக்கான்னு எப்படி அறியும்?"

"சோதனை பண்ணணும்."

"சோதனைக்கு?"

"அதுக்குக் கவரேஜ் இல்ல மேடம். நோய் வந்த பிறகுதானே இன்சூரன்ஸ்."

மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் அந்த மனிதர் இருமாமல் சொன்னார். மேடம் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு பெரிய டாக்டரிடம் போய், மாதம் ஒருநாள் அந்தச் சோதனையை இலவசமாகச் செய்கிற ஏற்பாட்டை வாங்கி வந்தார். அங்கே எத்தனை தடவை சொல்லச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

இனி கழுத்து விஷயம். ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது. முதல் இலவச நாளிலேயே ஒரு பழனிக்காரக் கிழவி, முருகன் டாலரைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மேஜையில் வைத்தால் சக்தி போய்விடுமாம், மனுஷ உடம்பில்தான் இருக்க வேண்டுமாம். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. என் கழுத்து மனுஷக் கழுத்துதானே பாட்டி என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். கிழவி ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. பீமாபள்ளிப் பக்கத்துத் தாயத்து, பூந்துறைக்காரர்களின் ஜெபமாலை, வெட்டுக்காடு சிலுவை, சாலைக் கடைவீதி வியாபாரிகள் வீட்டுப் பெண்களின் பிள்ளையார் டாலர், எல்லாம் என் கழுத்தில் ஒன்றாகத் தொங்கியிருக்கின்றன. ஒன்றோடொன்று சண்டை போட்டதில்லை. சிக்கிக்கொண்டது உண்டு, அதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். மேடம் முதல் தடவை பார்த்தபோது கேட்டது ஒரே கேள்வி. "ராஜம்மே, கழுத்து கழுவிட்டுதானே?"

தாலியை மட்டும் நான் போட மாட்டேன். அது அந்தந்த வீட்டுக்காரர் கையில், இல்லையென்றால் மாமியார் முந்தியில்.

அந்தச் சமயத்தில்தான் மலைப் பக்கம் ஒரு ஆசிரமம் கிளம்பியது. பெயர் சொல்லவில்லை. சொன்னால் கண்ணாடி உடையும், அதைப் பிறகு சொல்கிறேன். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் அங்கிருந்த குரு, மருந்து சாப்பிடுகிறவன் கடவுளைச் சந்தேகப்படுகிறான் என்றார். இன்சூரன்ஸ் எடுக்கிறவன் கடவுளுக்கு மாற்று ஆள் போடுகிறான் என்றார். நோயைத் தேடிப் பார்ப்பவனிடம்தான் நோய் வரும் என்றார். பக்தர்களுக்குக் கயிற்றில் கோத்த ஒரு செப்புத் தகடு கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸின் ஐஸ் பெட்டியை அந்த ஆட்கள் நடுரோட்டில் கவிழ்த்தார்கள். பிறகு எங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் கூட்டமாக வந்து இன்சூரன்ஸ் அட்டைகளைக் குவித்து எரித்தார்கள். பிளாஸ்டிக் அட்டைகள். நாற்றத்தில் உள்ளே இருந்த ஆஸ்துமாக்காரர்கள் மூன்று வார்டிலும் இருமினார்கள்.

எனக்குத் தோன்றியது இதுதான். நோய் இருக்கிறதா என்று பார்க்காதே, பார்த்தால் காசு கிடையாது என்றது கம்பெனி. பார்க்காதே, பார்த்தால் நோய் வரும் என்றார் குரு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை.

அடுத்த இலவசச் சோதனை நாளில் ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். சாலைக் கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சண்முகம் அண்ணாச்சியின் அம்மாவும் மனைவி பார்வதியும். நாஞ்சில் நாட்டுக் குடும்பம். இரண்டு பேர் கழுத்திலும் செப்புத் தகடு. பார்வதி வாயைத் திறக்கவில்லை. மாமியார்தான் என் காதருகே வந்தாள்.

"இவளுக்கு இடது மாருல ஒரு கட்டி கெடக்கு, கேட்டியா. எம்மவன் ஆசிரமத்துத் தீர்த்தத்தத் தடவச் சொல்லுகான். ஓணத்துலருந்து நாந்தான் தடவிக்கிட்டு வாறேன். கட்டி கரையல. எங் கைரேகதான் கரையுது."

மகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தோம். எனக்கும் சேத்துப் பாத்துரு. இல்லன்னா இவ பயந்து உள்ள போவ மாட்டா."

மருமகளின் தாலிச் சங்கிலியைத் தன் முந்தியில் முடிந்துகொண்டாள். இரண்டு தகடுகளையும் நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். உள்ளே அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பாதிச் சோதனையில் சண்முகம் அண்ணாச்சி வந்துவிட்டார். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே ஆசிரமத்து இளைஞர்கள் இரண்டு பேர், ஒருவன் கையில் தடி. படியேறி வந்த வேகத்தைப் பார்த்து வரிசையில் இருந்த பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி நேராகக் கதவுக்கு வந்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் நான் எழுந்து நின்றேன்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார்கள். தடி வைத்திருந்தவன் தடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு கை கூப்பினான்.

பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. சாதாரண பக்தருக்கு ஒரு தகடு. குருவின் பக்கத்திலேயே இருக்கிற பெரியவர்களுக்கு இரண்டு. இரட்டைத் தகடுக்காரர் முன்னால் ஒற்றைத் தகடுக்காரர் குரல் உயர்த்தக் கூடாது, அவர் அனுமதித்தால் அது குருவே அனுமதித்த மாதிரி. அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கோபமாக வந்தவர்கள் கும்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கும்பிடுகிறவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

அண்ணாச்சி தணிந்த குரலில், வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள், அவளுக்குச் சோதனை வேண்டாம், நம்பிக்கை குறைந்துவிடும் என்று சொன்னார். வாயில் வந்தது மேடத்தின் வாக்கியம்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல அம்மா. சின்னதா ஒரு கட்டி. தீர்த்தம் தடவுதோம். கரைஞ்சிரும்."

"இன்னொரு தடவ. மெல்ல."

அவர் வாயைத் திறந்தார். "சின்னதா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். நான் காத்திருந்தேன். எனக்கும் வேறு வேலை இல்லை.

"சின்னது இல்ல," என்றார். "பெருசாயிட்டே வருது."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இளைஞர்கள் இரண்டு பேரும் என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்கள். நான் தினமும் எல்லோரிடமும் சொல்வதையே அவர்களிடமும் சொன்னேன். வராந்தாவில் கூட்டம் கூடாது, கீழே போய் நில்லுங்கள். போய் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் ஒரே சொல்லில் கீழே போனவர்கள் அவர்கள்தான்.

"அவ உள்ள இருக்கட்டுமா அம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

தலையாட்டினேன். அந்த வாசலில் தலையாட்டுவது என் வேலை.

சோதனை முடிந்து வெளியே வந்த மாமியார், பெஞ்சில் இருக்கும் மகனைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு இரட்டைத் தகடு விவரம் தெரியும். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டவில்லை. தகடுகளைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தேன். மெதுவாக, "அங்கயே கெடக்கட்டும். உங் கழுத்துல கெடந்துதான் அது ஒரு உருப்படியான வேல செஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் அண்ணாச்சி ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். அப்போது என் கழுத்தில் ஒரு சிலுவையும் ஒரு தாயத்தும் இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க இரட்டை இல்லியா?"

"நேத்து இரட்டை. இன்னிக்கு இப்படி. மத்தியானம் எப்படின்னு சொல்ல முடியாது அண்ணாச்சி."

பழத்தைத் திருப்பிக் கொண்டுபோகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். யோசித்துவிட்டு ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்.

பார்வதிக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். ஆனால் பரவவில்லை, உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். உடனே என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். வியாபாரத்தில் இருந்த பணத்தையெல்லாம் அண்ணாச்சி ஆசிரமக் கட்டடத்துக்குக் கொடுத்திருந்தார். கேட்டால், தந்தது திரும்பாது என்றார்களாம். மிச்சம் இருந்தது வியாபாரிகள் சங்கம் மூலம் பல வருஷமாகக் கட்டி வந்த இன்சூரன்ஸ். அந்த அட்டையைத்தான் எங்கள் கேட்டுக்கு முன்னால் எரித்திருந்தார். கவுண்டருக்கு வந்து, எல்லாம் எரிந்து போயிற்று மேடம் என்றார்.

எரிந்தது அட்டை, பாலிசி கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று மேடம் நம்பரைத் தேடி எடுத்து கம்பெனிக்கு அனுப்பினார். சாயங்காலமே மாட்டோம் என்று பதில் வந்தது. மேடம் எழுந்து நின்றார். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அண்ணாச்சியைப் பக்கத்தில் நிறுத்தினார்.

கம்பெனிக்காரர் நன்றாகத் தயாராகவே இருந்தார். அட்டை எரித்ததை யாரோ வீடியோ எடுத்துப் பரப்பியிருந்தார்கள். அதில் அண்ணாச்சி நெருப்புக்கு முன்னால் நின்று, என் மனைவிக்கே கட்டி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, தீர்த்தத்தில் கரைகிறது என்று பேசுகிறார். ஆகவே சங்கம் வழக்கம்போல் பாலிசியைப் புதுப்பிக்கும் முன்பே நோய் இருந்திருக்கிறது, அதை மறைத்துவிட்டார்கள் என்றார்.

"மறைச்சாரா?" என்றார் மேடம். "நடுரோட்டுல நின்னு ஊருக்கே சொல்லிட்டிருக்கார். ஒண்ணுகூடிப் பறயூ."

அந்த ஆள் வேறு பக்கம் போனார். தானாகவே வேண்டாமென்று எரித்தவர், இப்போது எப்படிக் கேட்கலாம் என்றார். மேடம், பாலிசியை எடுத்தபோது கட்டி கிடையாது, புதுப்பித்தது புதுப் பாலிசி ஆகாது, எரிப்பது ரத்து செய்வதாகாது என்று ஒவ்வொன்றாக, சந்தையில் காய் எடுத்து வைக்கிற மாதிரி வைத்தார். கடைசியாக, சிகிச்சைக்கு வராமல் தாமதம் செய்தது அவர்களுடைய புத்தியீனம் என்றார் கம்பெனிக்காரர்.

"சரி. புத்தியீனத்துக்குக் கவரேஜ் இல்லன்னு பாலிசியில எந்த வரியில இருக்கு? வாசிங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்போது அண்ணாச்சி போனுக்குக் கிட்டே குனிந்தார். மேடம் தடுக்கவில்லை.

"சார், நான் மடையன்னு எழுதிக்கிடுங்கோ. கையெழுத்துப் போட்டுத் தாறேன். ஆனா அந்த அட்டையில ரெண்டு பேர் பேரு இருந்துது. அவ ஒண்ணும் எரிக்கல. அவ பேரையும் சேத்து நாந்தான் எரிச்சேன். அவட்ட கேக்கல."

மேடம் போனைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "ஒண்ணுகூடிப் பறயூ," என்றார். அண்ணாச்சியிடம் இல்லை, கம்பெனிக்காரரிடம். அவர் சொல்லவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அனுமதி மறுநாள் வந்தது. ஆபரேஷனுக்கு உண்டு, பஞ்சுக்கும் கையுறைக்கும் கிடையாது. பார்வதிக்கு ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றி முடி கொட்டியது, முளைத்தது. மாமியார் தினமும் கஞ்சி கொண்டு வந்தாள். மருமகள் மிச்சம் வைத்தால் என்னைக் குடிக்கச் சொல்வாள். நான் கொஞ்சம் உடம்பு பூசியது அப்படித்தான்.

நான் இரட்டை இல்லை என்பது ஆசிரமத்துக்கும் எட்டிவிட்டது. கூட்டமாக வந்து, தரை துடைக்கிறவளுக்குத் தகடு போட்டுக் குருவை அவமதித்தீர்கள் என்று மேடத்திடம் சத்தம் போட்டார்கள். ஒண்ணுகூடிப் பறயூ என்றார் மேடம். அவர்கள் சொல்லவில்லை, எறிந்தார்கள். கவுண்டர் கண்ணாடி போயிற்று, என் நெற்றியில் தையல். தையலுக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது. கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை, கலவரத்துக்குக் கவரேஜ் இல்லையாம். போலீஸ் கேட்டபோது, எறிந்த பையனை அடையாளம் காட்டச் சண்முகம் அண்ணாச்சி தானாகவே வந்தார். அதன்பிறகு அவர் கடையில் ஆசிரமத்து ஆட்கள் யாரும் சாமான் வாங்குவதில்லை. கடனுக்கு வாங்குகிறவர்களும் அதோடு குறைந்தார்கள் என்றார்.

மேடம் ரிட்டயர் ஆனார், பின்னால் நானும் ஆனேன்.

போன மாதம் கால்வலி மருந்துக்குப் போனேன் என்றேன் அல்லவா. ஸ்கேன் அறை வாசலில் அதே பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பார்வதிக்கு வருஷச் சோதனை. பணம் கையிலிருந்துதான், அவர்கள் பாலிசி இன்னமும் அதற்குத் தருவதில்லை. புதுப் பெண் பிளாஸ்டிக் பையை நீட்டியிருக்கிறாள். பார்வதி வாங்கவில்லை. தாலிச் சங்கிலியைக் கழற்றிப் புருஷன் தலை வழியாகப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

அவர் அதைச் சட்டைக்குள் ஒளிக்கவும் இல்லை. ஒரு ருத்திராட்சம், அதன்மேல் ஒரு தாலி, அகலமான நெஞ்சு. சாலைக் கடைவீதி ஆட்கள் இரண்டு பேர் கடந்து போனார்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள். அவர் நகரவில்லை. கண் கதவிலேயே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இரட்டை ஆயிட்டீங்களே அண்ணாச்சி. இனி அனுமதியெல்லாம் நீங்களே குடுக்கலாம்."

அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஆரு கேட்டா ஆச்சி? அவ பாட்டுக்கு உள்ள போயிட்டா."